மழலையர் தலைக்காயம்: கவலைப்பட வேண்டுவது எப்போது?

நடை பழகும் குழந்தை அடிக்கடி விழுவது இயல்பு. பிறக்கும்போது குழந்தையின் தலை உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தோருக்கு அது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கேயாகும். ஆகவே, கால் தளரும்போது தலையே முதலில் அடிபடுகிறது.

இத்தகைய காயங்களில் மிகப் பெரும்பாலானவை தாமே ஆறிவிடுகின்றன. அமெரிக்காவில் 25 மருத்துவமனைகளில் 40,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், நினைவு தெளிவாக இருந்தோருள் கடும் மூளைக்காயம் காணப்பட்டது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவே.

இங்கு இருவகைத் தவறுகள் நேரலாம். அவசியமின்றி நகர மருத்துவமனைக்கு அலையும் கூலித் தொழிலாளர் குடும்பம் ஒரு நாள் ஊதியத்தை இழக்கிறது, தேவையற்ற சி.டி. ஸ்கேன் வளரும் மூளையைக் கதிர்வீச்சுக்கு உள்ளாக்குகிறது. மாறாக, அவசியமானபோது தாமதித்தால் உயிரே பறிபோகலாம். இரண்டாவது இழப்பு ஈடுசெய்ய இயலாதது. எனவே ஐயம் எழுமிடத்து மருத்துவரை நாடுவதே முறை.

உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நிலைகள் வருமாறு:

1. சிறிது நேரமேனும் நினைவிழத்தல், வலிப்பு.
2. எழுப்ப இயலாத உறக்கம். தாயையும் அடையாளம் காணாத மயக்கநிலை. தேற்ற முடியாத அழுகை.
3. மீண்டும் மீண்டும் வாந்தி.
4. காது அல்லது மூக்கிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல்.
5. நெற்றி தவிரத் தலையின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ மெத்தென்ற வீக்கம்; உச்சிக்குழி புடைத்தல்.
6. கை கால் தளர்வு; நடை தடுமாற்றம்.
7. மூன்று அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுதல், வாகனம் மோதுதல்.

ஒரு வயது நிரம்பாத குழந்தையாயின், இவை காணப்படாவிடினும் மருத்துவரிடம் காட்டுவது நன்று.

விழுந்தவுடன் அழுது, சற்று நேரத்தில் பால் குடித்து வழக்கம்போல் விளையாடும் குழந்தையை 24 மணி நேரம் வீட்டிலேயே கண்காணிக்கலாம். முதல் சில மணி நேரம் மிக முக்கியமானது. வழக்கமான நேரத்தில் உறங்க விடலாம். இடையே எழுப்பி, இயல்பாக விழிக்கிறதா எனப் பார்க்க வேண்டும். வீக்கத்தின்மீது ஈரத்துணி வைக்கலாம். காயத்தில் காப்பித்தூள், மஞ்சள் முதலியன அப்புதல் கூடாது.

வரும் முன் காப்பதே சிக்கனமானது. கைப்பிடிச் சுவரற்ற மொட்டை மாடியும் தடுப்பில்லாத படிக்கட்டும் நம் நாட்டில் எங்கும் காணப்படுகின்றன. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பணியாளரும், 2005 முதல் சிற்றூர்களில் பணியாற்றும் ஆஷா ஊழியரும் வீடு வீடாகச் செல்பவர்கள். இவ்வேழு குறிகளையும் அவர்கள் தாய்மார்களுக்கு எடுத்துரைப்பார்களாயின், வீண் அலைச்சலும் குறையும். விலைமதிப்பற்ற உயிர்களும் காக்கப்படும்.