திரும்பிப் பார்த்து ஏறு

என் கயல் குட்டிக்கு,

வருகிற சனிக்கிழமை டெம்பிள் மலை உச்சிக்குப் போகப்போவதாக நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன்னைத் தடுக்க இதை எழுதவில்லையடி. கால்கரியில் படித்துக்கொண்டு, செப்டம்பரில் லார்ச் காட்டைப் பார்க்காமல் இருப்பதுதான் தப்பு. தாராளமாகப் போய் வா. ஆனால் அத்தை சொல்வதையும் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்.

ஏறும் பாதை தொடங்குகிற மொரெய்ன் ஏரிக்குச் சொந்தக் காரில் போக 2023 முதல் அனுமதி இல்லை. அதனால் விடிவதற்கு முன்பே கிளம்பும் பஸ்ஸைப் பிடி. அலாரத்தை நாலு தடவை தட்டிவிட்டுத் தூங்குகிறவள் நீ. முந்தின இரவே பையைக் கட்டி வாசலில் வைத்துவிடு. கனமான ஜாக்கெட், தலையில் மாட்டும் விளக்கு, ஹெல்மெட், கரடி ஸ்ப்ரே எல்லாம் இருக்கட்டும். ஸ்ப்ரே பைக்குள் கிடந்தால் பயனில்லை, இடுப்பில் தொங்கவேண்டும். நீங்கள் போகும் வழி கிரிஸ்லி கரடி நடமாடும் பள்ளத்தாக்கு. நாலு பேராகச் சேர்ந்தே நடக்கவேண்டும் என்று தேசியப் பூங்காக்காரர்கள் சில பருவங்களில் உத்தரவே போடுவார்கள். சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். உனக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை!

ஏரிக்கரையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை முடிந்ததும் காடு மஞ்சளாகத் திறக்கும். லார்ச் ஊசியிலை மரம்தான், ஆனாலும் குளிர்காலத்துக்கு முன் எல்லா இலையையும் உதிர்த்துவிடும். தரை உறைந்து வேருக்குத் தண்ணீர் கிடைக்காத மாதங்களில், காற்று இலை வழியாக ஈரத்தை உறிஞ்சாமல் இருக்க அது ஒரு வழி. ஒரு கிளையை விரலால் தடவிப் பார். ஊசி குத்தாது, பூனை முடிபோல் மெத்தென்று இருக்கும். குட்டி மரங்கள் மட்டும் குளிர்காலத்திலும் இலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், சின்ன வயதில் நீ பொம்மையை விடாத மாதிரி.

காட்டைத் தாண்டினால் சென்டினல் கணவாய், 2,611 மீட்டர். உச்சி 3,544. இடையில் இருப்பதெல்லாம் சரளைக்கல்லும் பாறை அடுக்குகளும். அங்கேதான் என் கவலை. ஏறும்போது கண் மேலேயே இருக்கும். இறங்கும்போது அதே சரிவு வேறு மலைபோலத் தெரியும். பக்கத்து ஓடை வழியே இறங்கினால் செங்குத்துப் பாறையில் போய் நிற்கவேண்டியதுதான்.

உன் அப்பா எங்களைப் பார்க்க வந்தபோது அந்தக் கணவாய்க்குக் கூட்டிப்போனேன். கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் நின்று பின்னால் திரும்பினார். மூச்சு வாங்குகிறதோ என்று தண்ணீர்ப் புட்டியை நீட்டினேன். "அது இல்லம்மா, அந்த ஆரஞ்சுப் பாசி பிடித்த பாறை ஏறும்போது நமக்கு இடப்பக்கம்தானே இருந்தது? இறங்கும்போது அது நமக்கு வலப்பக்கம் இருக்கணும்" என்றார். திரும்பும்போது மூடுபனி இறங்கிவிட்டது. அந்தப் பாறையைத் தேடித்தான் பாதையைப் பிடித்தோம். அந்தப் பழக்கம் உனக்கும் வரவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும், பாறை அடுக்கு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும், நின்று திரும்பிப் பார். போட்டோ எடுக்கத்தான் எப்படியும் நிற்பாயே, கீழ்நோக்கியும் ஒன்று எடுத்துக்கொள்.

கணவாய்க்கு மேலே புதுப்பனி விழுந்திருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். 1955 ஜூலையில் அந்த மலையின் பனிச்சரிவில் அமெரிக்கச் சிறுவர்கள் ஏழு பேர் இறந்துபோனார்கள். கூட்டத்தில் திரும்பலாம் என்று முதலில் சொல்ல யாருக்கும் கூச்சமாக இருக்கும். நீ சொல்லு. நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்திலும் உனக்கு அந்தத் துணிச்சல் தேவைப்படும்.

ஏரிப் பக்கம் போனில் சிக்னல் கிடைக்காது. எந்த வழி, எந்தப் பஸ், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று ஒரு தாளில் எழுதி அறைத்தோழியிடம் கொடுத்துவிட்டுப் போ. மதியத்துக்குக் கட்டிய சப்பாத்தியைப் பஸ்ஸிலேயே காலி பண்ணாதே. பாதி தண்ணீரை இறக்கத்துக்கு வைத்துக்கொள். சிக்னல் வந்ததும், எந்த நேரமானாலும், முதலில் எனக்குக் கூப்பிடு. அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை