சட்டைப் பையில் கிடந்த எண் சீட்டு

கேள்வி: எனக்கு ஒரே மகன், வயது 21. தினமும் விடியற்காலையில் மோட்டாரில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். சம்பளத்துக்குக் குறைவில்லை, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒரு வெள்ளி நிற்பதில்லை. எல்லாம் மோட்டார் பட்டறைக்கே போகிறது. போன மாதம் செப்பாங் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. துணி துவைக்கும்போது அவன் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. 0.312, 15.874, 131 என்று எண்கள். நாலு நம்பர் சீட்டா? பந்தயம் கட்டுகிறானா? தூக்கமே வருவதில்லை.
– ம.க., மாசாய், ஜொகூர்

பதில்: அம்மா, அது சூதாட்டச் சீட்டு அல்ல. டிராக் பந்தயத்தில் (இருவர் பக்கத்துப் பக்கத்தில் நின்று நேர்கோட்டில் ஓட்டும் போட்டி) கொடுக்கும் நேரச் சீட்டு. பச்சை விளக்கு எரிந்தபின் உங்கள் மகனின் வண்டி நகர 0.312 விநாடி ஆகியிருக்கிறது. 402 மீட்டரை, அதாவது கால் மைலை, 15.874 விநாடியில் கடந்திருக்கிறான். முடிவுக் கோட்டில் வேகம் மணிக்கு 131 கிலோமீட்டர். இப்படி ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து அச்சிட மின்கண்ணும் கணினியும் வேண்டும். தெருவில் ஓட்டுகிறவனுக்கு இந்தச் சீட்டு கிடைக்காது. செப்பாங்கில் பந்தயத் தளம் இருக்கிறது. அங்கே போனேன் என்று அவன் சொன்னது பெரும்பாலும் உண்மைதான்.

பணம் எங்கே போகிறது என்ற உங்கள் கேள்விக்கு இயற்பியலிலேயே பதில் இருக்கிறது. இந்தப் பந்தயத்தில் நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைக்க எஞ்சின் சக்தி ஏறக்குறைய 37 விழுக்காடு கூட வேண்டும். 15.9 விநாடி 14.3 ஆவதற்கு அவ்வளவு. அங்கிருந்து இன்னொரு பத்து விழுக்காடு குறைக்க நினைத்தால், மொத்த சக்தி முதலில் இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காக வேண்டும். அதனால்தான் முதலில் எக்ஸாஸ்ட், அடுத்து போர் கிட் (சிலிண்டரையும் பிஸ்டனையும் பெரிதாக்கும் தொகுப்பு), அதற்கப்புறம் இசியு (எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) என்று செலவு நீள்கிறது. சக்தி கூடியதும் பழைய கிளட்ச் தாங்காது, செயின் தாங்காது. ஒரு கப்சாய்க்குள் (சிறிய ரக மோட்டார் சைக்கிள்) அதன் விலையைவிடக் கூடுதலான பணத்தைப் போட்ட பையன்கள் உண்டு. சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு நம் பணம் மூன்றுக்கு மேல் கிடைப்பதால் கையும் தாராளமாகிவிடுகிறது. பரிசுப் பணம் இந்தச் செலவை ஈடுகட்டாது. அது அவனுக்கும் தெரியும்.

தெரிந்தும் ஏன் செய்கிறான்? இருட்டோடு எழுந்து, ஆயிரக்கணக்கான மோட்டார்களில் ஒன்றாகக் குடிநுழைவுச் சாவடியில் வரிசையில் நின்று, வேலையில் இன்னொருவர் சொன்னதைச் செய்துவிட்டு, மறுபடி அதே வரிசையில் திரும்புகிறான். பந்தயத் தளத்தில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடிக்கு ஒன்றாக இறங்கி வரும்போது, கிளட்ச்சை விடும் கை அவனுடையது. அவசரப்பட்டால் சிவப்பு எரியும், தோல்வி. தயங்கினால் எதிராளி போய்விடுவான். தானே பூட்டிய எஞ்சின் என்ன செய்தது என்பது உடனே எண்ணாகக் கையில் கிடைக்கிறது. நண்பர்கள் அதை மதிக்கிறார்கள். மேலும் நீங்கள் இருப்பது மாசாய். 1998ல் உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி நடந்த பாசிர் கூடாங் ஓடுதளம் இருந்தது பக்கத்து ஊரில்தானே. அந்த வட்டாரப் பிள்ளைகளுக்கு இந்த ஆசை வருவதில் அதிசயமில்லை.

இந்த ஆசையைத் தடை போட்டு நிறுத்தியவர்கள் குறைவு. இடம் கொடுத்து ஒழுங்குபடுத்தியவர்களே வென்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் வாலி பார்க்ஸ் என்பவர் 1951ல் சங்கம் அமைத்துத் தெருவில் ஓட்டிய இளைஞர்களை விதிமுறைகளுக்குள் கொண்டுவந்தார். சென்னைக்கு அருகே சோழவரத்தில் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் பல்லாண்டுக்காலம் பந்தயங்கள் நடந்தன.

ஆகவே சாவியை ஒளித்து வைக்காதீர்கள். சீட்டை அவனிடமே கொடுத்து, விளக்கச் சொல்லிக் கேளுங்கள், மணிக்கணக்கில் பேசுவான். பேச்சோடு பேச்சாக மாதச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கும் சேமிப்புக்கும் எடுத்து வைத்த பிறகுதான் பட்டறை. எஞ்சினை மாற்றிய வண்டியில் வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். பந்தயத்தில் நேரும் சேதத்துக்கு வழக்கமான காப்புறுதி பணம் தராது. பிராக்கெட் முறையைப் பற்றியும் விசாரிக்கச் சொல்லுங்கள் (தன் வண்டியின் நேரத்தை முன்கூட்டியே அறிவித்து, அதைவிடக் குறைந்த நேரத்தில் முடித்துவிடாமல் நெருங்கி ஓட்டும் பிரிவு). அதில் பணத்தைவிடக் கைத்திறனுக்கே மதிப்பு.

தெரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாரு ஜாலான் லிங்காரான் டாலாமில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டிய பையன்கள் மீது கார் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். எல்லாரும் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள். பொதுச் சாலையில் அபாயகரமாக ஓட்டினால் 5 ஆண்டு வரை சிறை, 5,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதம், லைசென்ஸும் போகும். லைசென்ஸ் போனால் அவன் பாலம் கடந்து வேலைக்குப் போவது எப்படி?

இன்னொன்றையும் நேராகக் கேட்டுவிடுங்கள்: ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரர்) கடன் இருக்கிறதா? இருந்தால் தாமதிக்காமல் குடும்பப் பெரியவர்களோடு போலீசுக்குப் போங்கள். வங்கிக் கடன், வண்டித் தவணை மட்டும்தான் என்றால் பேங்க் நெகாரா 2006ல் அமைத்த ஏ.கே.பி.கே. (கடன் ஆலோசனை நிறுவனம்) இருக்கிறது. கட்டணம் கிடையாது. அவனையும் அழைத்துக்கொண்டு போங்கள்.