கழல மறுக்கும் நட்டு

கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் ஒரு கார்ப் பந்தயத் தடம் இருப்பதை உங்களில் பலர் அறிவீர்கள். 2003-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அத்தடத்துக்குக் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்று பெயர். கோவையைச் சேர்ந்த பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான எஸ். கரிவர்தனின் நினைவாக வைக்கப்பட்ட பெயர் அது. மாருதி 800 காரின் சிறிய என்ஜினை எடுத்து, ஒருவர் மட்டும் அமரக்கூடிய பந்தயக் காரில் பொருத்தி, ‘ஃபார்முலா மாருதி’ என்னும் வகையை உருவாக்கியவர் அவர். 1995-இல் ஒரு விமான விபத்தில் அவர் காலமானார். அவர் காட்டிய வழியில் கட்டப்பட்ட பழைய கார்கள் சில இன்னும் நம் பக்கத்துக் கொட்டகைகளில் தார்ப்பாய் மூடிக் கிடக்கின்றன.

அப்படிப்பட்ட கார் ஒன்றைத் தட்டி எழுப்பும் ஆசை என் மாணவர்கள் இருவருக்கு வந்தது. பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற வண்டி. முதல் வேலையாகக் கார்புரேட்டரையும், அதைத் தாங்கும் ‘இன்டேக் மேனிஃபோல்டு’ என்னும் குழாய்த் தொகுதியையும் கழற்றிச் சுத்தம் செய்ய முனைந்தார்கள். கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலந்து உருவாகும் கலவையை மூன்று சிலிண்டர்களுக்கும் பகிர்ந்து கொண்டு செல்வது இந்த மேனிஃபோல்டுதான். அலுமினியக் கலவையில் வார்த்த பொருள். அது அமர்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட்டும் அலுமினியமே. இரண்டையும் பிணைப்பவை ஹெட்டில் முறுக்கப்பட்ட எஃகு ஸ்டட்டுகளும் அவற்றின் மேல் ஏறிய நட்டுகளும்.

முதல் நட்டு அசையவில்லை. மாணவர்களில் ஒருவர் ஸ்பேனரின் வாலில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கிக் கொண்டார். ‘எனக்கு நிற்க ஓரிடம் கொடுங்கள், உலகையே நெம்புகிறேன்’ என்று ஆர்க்கிமிடீஸ் சொன்னதாக நான் வகுப்பில் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். இழுத்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம். நட்டு கழன்றது என்று மகிழ்ந்தார்கள். பார்த்தால் நட்டோடு ஸ்டட்டின் தலையும் சேர்ந்து கையில் வந்திருந்தது.

அவர்கள் என்னைத் தேடி வந்தது அதற்குப் பிறகுதான். நான் இயற்பியல் கற்பிப்பவன். ஸ்பேனர் பிடித்த அனுபவம் குறைவு. ஆகவே பீளமேட்டுப் பக்கம் நெடுநாள் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி ஒருவரை அழைத்துக் கொண்டு போனேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “இன்னிக்கு இதுல யாரும் கை வைக்க வேண்டாங்க கண்ணு. மூணு நாளு ஆகும்ங்க” என்றார். மாணவர்களின் முகம் வாடியது. ஆனால் அந்த மூன்று நாட்களில் நடந்த ஒவ்வொன்றுக்கும் உங்கள் பாடப்புத்தகத்தில் இடம் இருக்கிறது.

முதலில் ஸ்டட் ஏன் ஒடிந்தது என்று பார்ப்போம். ஒரு நட்டின் மேல் செயல்படும் திருப்பு விசை என்பது விசையையும் ஸ்பேனரின் நீளத்தையும் பெருக்கி வருவது. 20 சென்டிமீட்டர் ஸ்பேனரை 150 நியூட்டன் விசையுடன் இழுத்தால் 0.2 × 150 = 30 நியூட்டன்-மீட்டர். குழாயைச் செருகி நீளத்தை 60 சென்டிமீட்டர் ஆக்கினால் அதே கை 90 நியூட்டன்-மீட்டர் தருகிறது. தாங்குகிற ஸ்டட்டின் வலு எவ்வளவு? ஓர் உருளைக் கம்பியை முறுக்கி ஒடிக்கத் தேவைப்படும் திருப்பு விசை அதன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. நல்ல தர எஃகில் செய்த 8 மில்லிமீட்டர் போல்ட், சுமார் 33 நியூட்டன்-மீட்டர் வரை ஒடியாமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு அது 13-தான். விட்டம் கால் பங்கு குறைந்ததும் வலு பாதிக்கும் கீழே போய்விட்டதைக் கவனியுங்கள். துரு தின்று ஸ்டட்டின் விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் 0.9 × 0.9 × 0.9, அதாவது ஏறக்குறைய 0.73. புதிதில் 33 தாங்கியது இப்போது 24 மட்டுமே தாங்கும். அதன் மேல் 90 விழுந்தது.

சரி, நட்டு இவ்வளவு இறுகிப் போனது எப்படி? கட்டும்போது யாரும் அவ்வளவு முறுக்கவில்லை. இறுக்கியது காலம். எஃகு நட்டுக்கும் எஃகு ஸ்டட்டுக்கும் இடையே மரையில் ஈரம் புகுந்து துரு உண்டாகிறது. இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும். மரையின் இடுக்கில் அந்த இடம் இல்லை. எனவே அது இரு பக்கமும் அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும்.

எஃகு ஸ்டட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நடப்பது இன்னும் சுவையானது. இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நடுவே உப்புக் கரைந்த நீரும் இருந்தால் அது ஒரு மின்கலம் அல்லவா? வோல்ட்டா செய்தது அதைத்தான். இங்கே அலுமினியம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களை விட்டுக் கொடுப்பதால் அலுமினியமே அரிக்கப்படுகிறது. எஃகு தப்பித்துக் கொள்கிறது. அரிப்பில் விளையும் வெள்ளைப் பொடி அலுமினிய ஹைட்ராக்சைடு. அது தன்னை ஈன்ற அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இடத்தை அடைக்கும். மேனிஃபோல்டின் துளைக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே இந்தப் பொடி இறுகினால், நட்டுகளை எல்லாம் கழற்றிய பின்னும் மேனிஃபோல்டு ஸ்டட்டுகளை விட்டு வெளியே வராது.

மேஸ்திரி ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். (நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், குளிர்விப்பு நீரில் நச்சுப் பொருள் கலந்திருக்கக் கூடும்.) “போர் தண்ணிங்க” என்றார். சிறுவாணி நீரைக் குடித்து வளர்ந்த கோவைக்காரர்களுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு உடனே தெரிந்துவிடும். குளிர்விப்பு நீர் ஓடும் அலுமினியப் பாகங்களின் மூட்டுகளில் அந்த நீர் சிறிது சிறிதாகக் கசிந்தால், மேற்சொன்ன மின்கலத்துக்கு அது அருமையான மின்பகுளி.

முதல் நாள் அவர் செய்த வேலை ஒன்றுதான். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு ஒவ்வொரு நட்டின் அடியிலும் ஸ்டட்டின் நுனியிலும் மெல்லிய ஊடுருவும் எண்ணெயைச் சொட்டு விட்டார். அந்தக் காலத்துப் பட்டறைகளில் மண்ணெண்ணெயும் டீசலும் இதற்குப் பயன்பட்டன. “காலையிலயும் சாயங்காலமும் விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு சொட்டு எண்ணெய், மரைக்குள் மேல்நோக்கி ஏறுமா என்று மாணவர் ஒருவர் கேட்டார். ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழை விளைவு. மண்ணெண்ணெயின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 0.027 நியூட்டன். இடைவெளி 10 மைக்ரான் என்று கொண்டால் கணக்குப்படி அது 60 சென்டிமீட்டருக்கும் மேலே ஏற முடியும்! ஒரு நட்டின் உயரமோ ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. ஆகவே புவியீர்ப்பு இங்கே தடையே அல்ல. தடையாக நிற்பது பாகுநிலை. குறுகிய இடுக்கில் திரவம் முன்னேறும் தூரம் நேரத்தின் வர்க்க மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு மணி நேரத்தில் 2 மில்லிமீட்டர் போனால், 4 மில்லிமீட்டர் போக இரண்டு மணி நேரம் போதாது. நான்கு மணி நேரம் வேண்டும். 8 மில்லிமீட்டருக்குப் பதினாறு மணி நேரம். துருப்பொடி அடைத்த இடுக்கில் இன்னும் கூடும். மூன்று நாட்களின் பெரும்பகுதி இந்த வர்க்க மூலத்துக்காகச் செலவானது.

இரண்டாம் நாள் சுத்தியலை எடுத்தார். ஸ்டட்டின் நுனியில் ஒரு பித்தளைத் துண்டை வைத்து, அதன் மேல் சுருக்கமாகச் சில அடிகள். அரைக் கிலோ சுத்தியல் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வந்து, ஆயிரத்தில் ஒரு விநாடியில் நின்றால், சராசரி விசை 0.5 × 4 ÷ 0.001 = 2000 நியூட்டன். இருநூறு கிலோ எடையை அந்த நொடிப்பொழுதுக்கு மட்டும் தூக்கி வைத்தது போல! உலோகம் இதைத் தாங்கும். துரு நொறுங்கும் இயல்புடையது. அது விரிசல் விடும். அந்த விரிசலில் எண்ணெய் மேலும் புகும். பித்தளை எதற்கு? எஃகைவிட மென்மையான அது, தான் நசுங்கி ஸ்டட்டின் மரையைக் காப்பாற்றும்.

மூன்றாம் நாள் வெப்பம். பாட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் தொட்டியையும் கார்புரேட்டரையும் முன்னமே அகற்றி, வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளி வந்த பிறகுதான் இதைத் தொடங்கினார்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் சூடு என்பது விளையாட்டல்ல. இந்தப் பகுதியை நீங்கள் படிப்பதோடு நிறுத்திக் கொள்ள வேண்டும். மேஸ்திரி தீச்சுடரைப் பயன்படுத்தவில்லை; சூடான காற்றை வீசும் கருவியையே பயன்படுத்தினார். எஃகு உருகுவதற்கு வெகு முன்பே சிவந்து நம்மை எச்சரிக்கும். அலுமினியம் அப்படிச் சிவந்து காட்டாது. 660 டிகிரி செல்சியஸில், கலவையானால் அதற்கும் முன்பே, சொல்லாமல் கொள்ளாமல் உருகிவிடும்.

சூடாக்கினால் அலுமினியத்தில் உள்ள துளை சிறுக்குமா, பெருக்குமா? நான் வகுப்பில் கேட்கும்போதெல்லாம் பாதிப் பேர் ‘சிறுக்கும்’ என்பார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்த நம் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். பட்டையை வறட்டித் தீயில் சுட்டால் அதன் உள்வட்டம் பெருக்கும். மரச் சக்கரத்தில் மாட்டி நீர் ஊற்றினால் இறுகப் பிடிக்கும். துளையும் அப்படியே பெருக்கும். அலுமினியத்தின் நீள்விரிவு எண் டிகிரிக்கு 0.000023, எஃகுக்குச் சுமார் 0.000012. இரண்டும் 100 டிகிரி சூடேறினால் 8 மில்லிமீட்டர் துளை 0.0184 மில்லிமீட்டர் பெருக்கும்; ஸ்டட் 0.0096 பெருக்கும். வித்தியாசம் சுமார் 9 மைக்ரான். தலைமயிரின் தடிமனில் எட்டில் ஒரு பங்கு அளவுதான்! ஆனால் ஒட்டிக்கொண்ட பிடியை விடுவிக்க அது போதுமானதாக இருந்தது. ஒரு சொட்டு நீரைத் தெளித்து, அது ‘சுர்’ என்று சத்தமிட்டதும் “போதுங்க” என்று நிறுத்தினார்.

அதன் பிறகுதான் ஸ்பேனர். குழாய் இல்லாமல், சிறிய ரிங் ஸ்பேனர். முதலில் இறுக்கும் திசையில் ஒரு சிறு அசைவு, பிறகு கழற்றும் திசையில், மீண்டும் இறுக்கம். ஓரங்களில் இருந்த நட்டுகள் முதலிலும் நடுவில் இருந்தவை கடைசியிலும் தளர்ந்தன. எதுவும் ஒடியவில்லை.

மேனிஃபோல்டு இன்னும் ஒட்டியிருந்தது. பழைய பேக்கிங் பசையாகிப் பிடித்திருந்தது. மாணவர் ஒருவர் திருப்புளியை இடுக்கில் செருகப் போனார். மேஸ்திரி அவர் கையைப் பிடித்துவிட்டார். ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தட்டியே எடுத்தார்கள்.

திருப்புளி போட்டால் என்ன கெட்டுவிடும்? என்ஜின் மெதுவாக ஓடும்போது மேனிஃபோல்டின் உள்ளே காற்றழுத்தம் வெளியில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. கீறல் வழியாக வெளிக்காற்று உள்ளே பாயும், அதுவும் ஏறக்குறைய ஒலியின் வேகத்தில். 20 மில்லிமீட்டர் நீளம், 0.1 மில்லிமீட்டர் அகலம் உள்ள ஓர் இடுக்கின் பரப்பு 2 சதுர மில்லிமீட்டர். அதன் வழியே விநாடிக்குச் சுமார் அரை கிராம் காற்று நுழையலாம் என்று கணக்கிட்டேன். இது போன்ற சிறிய என்ஜின் மெதுவாக ஓடும்போது இழுப்பதே விநாடிக்கு இரண்டு கிராம் அளவில்தான். கார்புரேட்டர் அறியாமல் இவ்வளவு காற்று சேர்ந்தால் கலவையில் பெட்ரோல் போதாமல் என்ஜின் திக்கித் திணறும். முழு வேகத்தில் மேனிஃபோல்டின் அழுத்தம் வெளியழுத்தத்தை நெருங்கிவிடுவதால் அதே கீறல் அவ்வளவாகத் தெரியாது. நோயைக் கண்டுபிடிப்பது கடினமாவது அதனால்தான்.

ஒடிந்த ஸ்டட் மிச்சமிருந்தது. மேனிஃபோல்டு வெளியே வந்ததும், அதன் தடிமன் அளவுக்கு ஒரு சென்டிமீட்டர் துண்டு நீட்டிக் கொண்டிருந்தது நல்ல காலம். ஹெட்டின் மட்டத்தில் ஒடிந்திருந்தால் துளை போட வேண்டியிருக்கும். கடினமான எஃகை விட்டு மென்மையான அலுமினியத்தின் பக்கம் துளைக் கம்பி வழுக்கிப் போய் ஹெட்டைக் கெடுத்திருக்கலாம். அந்தத் துண்டின் மேல் ஒரு புது நட்டை வைத்து வெல்டிங் செய்தார்கள். இம்முறை சூடேறியது ஸ்டட். அது விரிந்து, சுற்றியிருந்த வெள்ளைப் பொடியை நசுக்கியது. ஆறியதும் சுருங்கியது, நசுங்கிய பொடி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நட்டில் ஸ்பேனரை மாட்டித் திருப்ப, ஸ்டட் கிறீச்சிட்டுக் கொண்டே முழுதாக வெளியே வந்தது.

மேஸ்திரி அதைத் துடைத்து, ஒடித்த மாணவரின் சட்டைப் பையில் போட்டார். “வெச்சுக்கங்க கண்ணு” என்றார்.

செய்து பாருங்கள்: ஒரு கண்ணாடிக் குவளையில் உப்பு நீர் எடுத்து, ஒன்றையொன்று தொடாதபடி ஓர் அலுமினியத் துண்டையும் ஓர் இரும்பு ஆணியையும் நிறுத்துங்கள். இரண்டையும் பள்ளி ஆய்வகத்திலுள்ள மில்லி-அம்மீட்டருடன் இணையுங்கள். உப்பு நீருக்குப் பதிலாக உங்கள் ஊர்க் குழாய் நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், மழைநீர் ஆகியவற்றை வைத்தும் அளவெடுங்கள். உலோகங்களின் பரப்பும் இடைவெளியும் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கட்டும். எந்த நீரில் முள் அதிகம் நகர்கிறது என்று எழுதி வையுங்கள்.