மூன்றாவது கை

கோதுமை மாவை முட்டையோடு பிசைந்து, தகடாக்கி, நாடாவாக அறுத்து இத்தாலி நாட்டார் ஆக்கும் உணவு பாஸ்தா. மாவைத் தகடாக்கும் பொறியில் இரண்டு உருளைகள் உள. பதுவா நகர்க்கு அண்மையில் 1930-இல் ஓத்தெல்லோ மார்க்காத்தோ தொடங்கிய தொழிற்கூடம் இவ்வகைப் பொறிக்குப் பெயர் பெற்றது. ஒரு கை மாவை ஊட்டும். மறு கை வெளிவரும் தகட்டை ஏந்தும். கைப்பிடியைச் சுழற்றுவது யார்?

ஆதலின், கைப்பிடியை நீக்கிவிட்டு மின்சார மோட்டாரைப் பொருத்துவாருளர். மோட்டாரின் தண்டும் பொறியின் துளையும் ஒன்றோடொன்று ஒவ்வா. இரண்டையும் இணைக்கும் துண்டினை முப்பரிமாண அச்சுப்பொறி செய்து தரும். நெகிழியை உருக்கி, மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்று இடுவது அதன் தொழில். கைப்பிடியின் முனையை அளந்து அவ்வாறே வார்த்தால் போதும் என்று எண்ணற்க. துண்டினை நிறுத்தி அச்சிட்டால் படலங்கள் தண்டுக்குக் குறுக்கே அமையும்; முறுக்கு விசை பட்டதும் ஒன்றைவிட்டு ஒன்று பெயரும். கிடத்தி அச்சிட்டாலோ அவை நெடுக ஓடும், எளிதில் முறியா. நார் ஓடும் திசையறிந்து தச்சன் மரத்தை அறுப்பதும் இதனாலன்றோ?

மோட்டாருக்கு விரைவு வேண்டுவதில்லை. கை சுழற்றும் அளவே சாலும். முறுக்கு மிஞ்சின் இத்துண்டு முறிவதும் நன்றே; பொறியின் பல்சக்கரங்கள் பிழைக்கும். உருளைகளுக்கிடையே விரல் சிக்கினாலோ, அது முறியுமட்டும் காத்திருத்தல் ஆகாது. ஆகவே, தையற்பொறியிற் போலக் காலால் மிதிக்கும்வரையே மோட்டார் ஓடுமாறு அமைப்பர். காலை எடுத்தவுடன் உருளைகள் நின்றுவிடும்.