கயிறு கட்டினால் ஓட்டை மூடுமா?

வைட்ஃபீல்டில் கட்டட வேலை செய்பவர்கள் பலர். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. அப்படி ஒரு குடும்பம் தகரக் கூரை வீட்டில் குடியிருந்தது. கணவன் சென்ட்ரிங் வேலை செய்தான். மனைவி சித்தாள் வேலைக்குப் போனாள்.

அவர்களுக்கு இரண்டாவதாக ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தையின் முகம் தட்டையாக இருந்தது. கண்கள் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தன. கை கால்கள் துவண்டு கிடந்தன. பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தது. மூச்சு வாங்கியது. நான்கு மாதம் ஆகியும் எடை ஏறவில்லை.

குழாயடியில் பேச்சு கிளம்பியது.

"கிரகணத்தன்னிக்கு வெளியே வந்திருப்பா" என்றாள் ஒருத்தி.

"போன பிறவிப் பாவம்" என்றாள் இன்னொருத்தி.

மூன்றாமவள் தன் மகளை இழுத்துக்கொண்டாள். "தொடாதடி, ஒட்டிக்கும்" என்றாள்.

மாமியார் கோயிலில் மந்திரித்த கயிறு வாங்கி வந்து குழந்தையின் கையில் கட்டினாள். தாய் வெளியே போவதையே நிறுத்திவிட்டாள். குழந்தையைச் சேலையால் மூடியே வைத்தாள்.

ஒரு நாள் எடை பார்க்க அங்கன்வாடி டீச்சர் வந்தார்.

"ஏம்மா, குழந்தையை மூடி வெச்சிருக்கே?"

"எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறாங்க டீச்சர். நான் என்ன பாவம் செஞ்சேனோ!"

"நீ ஒரு பாவமும் செய்யலை. இது டவுன் சின்ட்ரோம் மாதிரி தெரியுது. டாக்டர் ரத்தம் சோதிச்சு உறுதியாச் சொல்வாங்க. பால் குடிக்கும்போது மூச்சு வாங்குதே, அதை உடனே காட்டணும்."

"கயிறு கட்டியிருக்கேனே டீச்சரம்மா" என்றாள் மாமியார்.

"கயிறு இருக்கட்டும்மா. இதயத்துல ஓட்டை இருந்தா, கயிறு கட்டினா மூடுமா?"

மாமியார் பதில் பேசவில்லை.

டவுன் சின்ட்ரோம் என்றால் என்ன?

'டவுன்' என்பது இங்கே பட்டணத்தைக் குறிப்பது அல்ல. அது ஒரு மருத்துவரின் பெயர். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் லாங்டன் டவுன் 1866-இல் இதைப் பற்றி எழுதினார். இதன் காரணம் 1959-இல்தான் தெரிந்தது.

நம் உடல் கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லிலும் நூல் போன்ற 46 குரோமோசோம்கள் உண்டு. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23. சில குழந்தைகளுக்கு 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்துவிடுகிறது. மொத்தம் 47 ஆகிறது. இதுவே டவுன் சின்ட்ரோம்.

இது கருவிலேயே நேர்வது. கிரகணம் இதற்குக் காரணம் அல்ல. சாபமும் அல்ல. இது தொற்றுநோயும் அல்ல. தாயின் வயது கூடினால் வாய்ப்பு கூடும். ஆனால் இளம் தாய்க்கும் இப்படிப் பிறக்கலாம். உலகில் ஏறக்குறைய 1,000 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. ஏழை, பணக்காரர், சாதி, மதம் என்ற பேதம் இதற்கு இல்லை.

இதயத்தைக் கவனிக்க வேண்டும்

இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். சில வகை ஓட்டைகளை முதல் ஆண்டுக்குள் சரிசெய்ய வேண்டும். தாமதித்தால் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் கெட்டுவிடும். பிறகு அறுவைச் சிகிச்சை செய்ய முடியாமலே போகலாம். ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிக் குழந்தையை மறைத்தால் இந்த நாட்கள்தான் வீணாகும்.

எக்கோ பரிசோதனையில் இதயக் குறை தெரிந்துவிடும். வைட்ஃபீல்டில் உள்ள சத்ய சாய் மருத்துவமனை 2001-இல் தொடங்கியது. அங்கே இதய அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை. பெங்களூரில் ஜயதேவா அரசு இதய மருத்துவமனையும் உள்ளது. காது, கண், தைராய்டு ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1983-இல் இவர்களின் சராசரி ஆயுள் 25 ஆண்டு. இன்று ஏறக்குறைய 60 ஆண்டு. குரோமோசோம் மாறவில்லை. சிகிச்சை மாறியது. மக்களின் எண்ணமும் மாறியது.

வளர்ந்த பின்

இவர்கள் மெதுவாகக் கற்பார்கள். ஆனால் கற்பார்கள். பேச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் சீக்கிரம் தொடங்கினால் நல்லது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவர்களுக்கும் உண்டு. குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ எனச் சான்று பெற்றவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. நிராமயா என்னும் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம்.

வேலையும் செய்கிறார்கள். மிட்டி கஃபே என்னும் சிற்றுண்டிக் கடை 2017-இல் கர்நாடகத்தின் ஹூப்ளியில் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளே நடத்தும் கடை அது. 2023-இல் டில்லி உச்ச நீதிமன்றத்திலும் அதன் கிளை திறக்கப்பட்டது.

மீண்டும் குழாயடி

தாயும் மாமியாரும் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். இதயத்தில் ஓட்டை இருந்தது. "நல்ல நேரத்தில் வந்தீர்கள்" என்றார் மருத்துவர். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்.

மறுநாள் தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். சேலையால் மூடவில்லை. மகளை இழுத்துக்கொண்டவள் தயங்கி நின்றாள்.

"ஒட்டிக்காதுக்கா" என்றாள் தாய். "தூக்கிப் பாருங்க."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

பேசிப் பாருங்கள்

1. டவுன் சின்ட்ரோம் எதனால் உண்டாகிறது?
2. குழந்தையை மறைத்து வைத்தால் என்ன ஆபத்து?
3. 'லூசு', 'பாவம்' என்று அழைக்காமல், பெயர் சொல்லி அழைத்தால் என்ன மாறும்?