டெலஸ்கோப் வாங்குமுன் ஒரு வகுத்தல் கணக்கு

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். முருகன், மீனாட்சி, அருவி, குழந்தைகள் என்று வழக்கமாக வரும் படங்களுக்கு நடுவே நாம் எடுத்த நிலாவையும் கொடுத்துப் பார்க்கலாமே என்று நினைக்கும் காரியாபட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்து ஸ்டுடியோக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்யாணத்துக்கு வாங்கிய கேமரா இருக்கிறது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. பருவமழை ஓய்ந்து வானமும் தெளியத் தொடங்கும். அப்போது ஆரம்பித்தால் ஆல்பத்துக்குப் படம் கொடுக்கப் போதுமான அவகாசம் உண்டு. இல்லாதது டெலஸ்கோப் மட்டும்தான். அதைக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு வாங்காதீர்கள். கால்குலேட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

கணக்கு இவ்வளவுதான்: கேமரா சென்சாரின் அகலத்தை டெலஸ்கோப்பின் குவியத் தொலைவால் வகுத்து, 57.3-ஆல் பெருக்குங்கள். இரண்டு அளவும் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். வருகிற விடை, வானத்தில் எத்தனை டிகிரி உங்கள் ஃப்ரேமுக்குள் அடங்கும் என்பது. உயரத்துக்கும் இதே கணக்குத்தான்.

ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ. நிகான், சோனி க்ராப் சென்சார்கள் ஏறத்தாழ 23.5-க்கு 15.6. கேனன் க்ராப் இன்னும் சற்றுச் சிறியது. நிலா சராசரியாக அரை டிகிரி. பூமிக்கு நெருங்கி வரும்போது 0.56 வரை போகும்.

இப்போது ஒரு ஆசையைச் சோதிப்போம். எட்டு அங்குல ஷ்மிட்-காஸக்ரேன் டெலஸ்கோப் பலருக்கும் கனவு. அதன் குவியத் தொலைவு 2,032 மி.மீ. க்ராப் சென்சார் கேமராவை மாட்டினால் ஃப்ரேம் 0.66-க்கு 0.44 டிகிரிதான். முழு நிலா அதில் அடங்காது. மேலும் கீழும் வெட்டுப்படும். பெரிய பணம் கொடுத்துப் பௌர்ணமியன்று பாதி நிலாவோடு திரும்புவது இப்படித்தான். அதே டெலஸ்கோப்பில் குவியத் தொலைவை 0.63 மடங்காகக் குறைக்கும் ரெட்யூசர் போட்டாலோ, ஃபுல் ஃப்ரேம் கேமரா மாட்டினாலோ நிலா தாராளமாக அடங்கும்.

பெரியது வாங்கினால் எல்லாம் தெரியும் என்பது தவறான நம்பிக்கை. ஜவ்வாது மலைக் காவலூரில் வைனு பாப்பு வான் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அதன் முதன்மைக் குவியத் தொலைவு சுமார் 7.6 மீட்டர். அங்கே உங்கள் ஃபுல் ஃப்ரேமை வைக்க முடிந்தாலும் கிடைப்பது 0.27-க்கு 0.18 டிகிரிதான், நிலாவின் ஒரு துண்டு. அதே காவலூரில் 1988-இல் ராமானுஜன் பெயர் பெற்ற 4130-ஆம் சிறுகோளைப் பேராசிரியர் ராஜமோகன் கண்டுபிடித்தது 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியால். தேடுகிறவருக்கு அகன்ற வானம்தான் தேவைப்பட்டது.

அச்சகத்துக்காரர் டிகிரி கேட்க மாட்டார். அங்குலத்துக்கு 300 புள்ளி வருமா என்று கேட்பார். அதனால் கணக்கைக் காலண்டர் தாளிலிருந்து பின்னோக்கிப் போடுவதே தொழில். குவியத் தொலைவை 110-ஆல் வகுத்தால் சென்சார் மீது நிலாவின் அளவு வரும். ஆறு அங்குல டாப்ஸோனியன் டெலஸ்கோப்கள் பெரும்பாலும் 1,200 மி.மீ.; அதில் நிலா 11 மி.மீ. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமின் ஒரு பிக்சல் 6 மைக்ரான் என்பதால் நிலாவுக்குக் குறுக்கே சுமார் 1,800 பிக்சல்கள் கிடைக்கும். அச்சில் ஆறு அங்குல நிலா. அதே 24 மெகாபிக்சல் க்ராப் கேமராவில் பிக்சல் 3.9 மைக்ரான், ஒன்பது அங்குலத்துக்கு மேல் வரும். நிலாவுக்கு விலை குறைந்த கேமராவே மேல்! ஆனால் காற்று அலைவதால் அந்த ஒன்பது அங்குலமும் கூர்மையாக இருக்காது. ஒன்றுக்கு நூறு படம் எடுத்து, மென்பொருளில் அடுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

வியாழனைக் கேட்டு யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். இதே 1,200 மி.மீ., ஃபுல் ஃப்ரேம் ஜோடியில் அது 50 பிக்சல்கூட வராது. அச்சில் மிளகு அளவுதான்.

ஆண்ட்ரோமீடா, கார்த்திகைக் கூட்டம் போன்றவற்றுக்கு எதிர்ப்பாதையில் போக வேண்டும். ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் மூன்று டிகிரி நீளம். 400 மி.மீ. டெலஸ்கோப்பில் க்ராப் சென்சார் 3.4-க்கு 2.2 டிகிரி தரும், சரியாகப் பொருந்தும். ஆனால் நொடிக்கு ஐந்து பிக்சலுக்கு மேல் வானம் நகரும் என்பதால், பின்தொடரும் மவுண்ட் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். மவுண்ட்டைத் துருவ நட்சத்திரத்தை வைத்துச் சீரமைப்பார்கள். காரியாபட்டியில் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ பத்து டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அதுவும் மதுரை வெளிச்சம் பரவும் வடதிசையில். மாடியில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தெற்கே நமக்கு லாபம்: ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குத் தெரியாத ஒமேகா சென்டாரி கொத்து இங்கே சுமார் 33 டிகிரி உயரம் ஏறும்.

இரண்டு இடங்களில் கணக்கு ஏமாற்றும். பல நியூட்டோனியன் டெலஸ்கோப்களில் டி.எஸ்.எல்.ஆர். மாட்டினால் ஃபோகஸ் கிடைக்கும் அளவுக்கு ஃபோகஸர் உள்ளே போகாது. கடைக்காரர் பார்லோ லென்ஸ் போடச் சொல்வார். ஃபோகஸ் வரும், ஆனால் குவியத் தொலைவு இரட்டிப்பாகி ஃப்ரேம் பாதியாகிவிடும். இன்னொன்று, ஒன்றேகால் அங்குல ஃபோகஸர். அந்தக் குழாயின் வழியே 43 மி.மீ. மூலைவிட்டம் கொண்ட ஃபுல் ஃப்ரேமுக்கு வெளிச்சம் போதாது, மூலைகள் கறுத்துவிடும். இரண்டு அங்குல ஃபோகஸர் உள்ளதையே கேளுங்கள்.

வாங்கியபின் சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஓரியன் இடுப்பிலுள்ள மூன்று நட்சத்திரங்களில் ஒன்றைப் பிடியுங்கள். டெலஸ்கோப்பை அசைக்காமல், அது ஃப்ரேமின் நீளவாக்கில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் நேரத்தைக் குறியுங்கள். நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. 1,200 மி.மீ. டெலஸ்கோப்பும் க்ராப் கேமராவும் என்றால் நாலரை நிமிடம் ஆக வேண்டும். இரண்டேகால் நிமிடத்தில் ஓடிவிட்டால் பார்லோ உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

2031 மே 21-இல் மதுரை வட்டாரத்தில் வளைய சூரிய கிரகணம் தெரியும். சூரியனும் அரை டிகிரிதான். நிலாவுக்குப் போட்ட கணக்கே போதும். கூடவே டெலஸ்கோப்பின் முன்வாயை முழுதாக மூடும் சூரிய ஃபில்ட்டர் வேண்டும். அது இல்லாமல் கண்ணையோ கேமராவையோ வைக்காதீர்கள்.