அடங்காத குதிரையும் அடக்க வேண்டிய சினமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்)

செஞ்சி என்றால் கோட்டை. கோட்டை என்றால் தேசிங்குராஜன். தேசிங்குராஜன் என்றால் குதிரை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அகரம் எழுதுமுன் அறிந்துகொள்ளும் பாடம் இது. டில்லி பாதுஷாவிடம் இருந்த, எவருக்கும் அடங்காத பாராசாரி என்னும் குதிரையை இளைஞனான தேசிங்கு அடக்கி ஏறினான் என்பது கதைப்பாடல் தரும் செய்தி. வரலாற்றில் அவன் பெயர் தேஜ்சிங். செஞ்சியை ஆண்ட சொரூப்சிங்கின் மகன். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு 1714-இல் பொருது இளமையிலேயே மாண்டவன்.

அவன் வீரத்தைப் பாடாத வாய் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆனால் முரட்டுக் குதிரை ஒன்று வீரத்துக்கு அடங்குமா? விலங்கியல் மாணவன் என்ற முறையில் இவ்வினாவைச் சற்று ஆராய்வோம்.

குதிரை இரையாகும் இனத்தைச் சேர்ந்த விலங்கு. புல்வெளியில் அதன் முன்னோரைக் காத்தவை கொம்போ கோரைப்பல்லோ அல்ல, ஓட்டமே. தலையின் இரு பக்கங்களிலும் கண்கள் அமைந்திருப்பதால் ஏறக்குறைய 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் அதனால் பார்க்க இயலும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் உள்ள சிறு பகுதிகளே அதற்குத் தெரியாதவை. அங்கிருந்து திடீரென்று நெருங்குபவனை அது பகைவனாகவே கொள்ளும், உதைக்கும், திமிறும். நாம் 'முரடு' என்பது பெரும்பாலும் அச்சமே. சில வேளைகளில் அது வலி: சேணம் அழுத்திய புண், பல் நோவு, தேய்ந்த குளம்பு. ஆகவே சாட்டையை எடுப்பதற்கு முன் உடலைப் பார்க்க வேண்டும்.

மாசிடோனியாவின் அலெக்சாண்டர் இளமையில் பியூசிபாலஸ் என்னும் குதிரையை வசப்படுத்திய வரலாற்றைப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அக்குதிரை தன் நிழலைக் கண்டே மிரளுகிறது என்பதை அலெக்சாண்டர் கவனித்தான். அதைச் சூரியனை நோக்கித் திருப்பினான். தடவிக் கொடுத்த பின்னரே ஏறினான். அங்கே வென்றது தோள் வலிமையன்று, கண்.

அப்படியானால் பொறுமை என்பது கைகட்டி நிற்பதா? இல்லை. லகானை இழுக்கிறோம், குதிரை நிற்கிறது. நின்ற அந்தக் கணமே பிடியைத் தளர்த்த வேண்டும். அப்போதுதான் 'நின்றால் தொல்லை விலகும்' என்பதை அது கற்கும். நின்ற பிறகும் இழுத்துக்கொண்டிருந்தால், பணிந்தும் பயனில்லை என்று கற்கும். அது திமிறும்போது பயந்து விட்டுவிட்டாலோ, திமிறினால் விடுதலை என்று கற்கும். எனவே கோபக்காரனும் கோழையும் இங்கே ஒரே தவற்றைச் செய்கிறார்கள். இருவரும் உரிய கணத்தைத் தவற விடுகிறார்கள்.

சினத்தை மறைத்துக்கொண்டு தடவிக் கொடுத்தால் போதுமே என்று சிலர் கருதலாம். பெர்லின் நகரில் ஹான்ஸ் என்ற குதிரை குளம்பைத் தட்டிக் கணக்குக்கு விடை சொல்லிப் புகழ் பெற்றது. ஆஸ்கர் பூங்ஸ்ட் என்பவர் அதை ஆராய்ந்து 1907-இல் உண்மையை வெளியிட்டார். கேட்பவருடைய தலையின் மிக நுண்ணிய அசைவைக் கண்டுதான் அது தட்டுவதை நிறுத்தியது. அப்படி அசைவதை அவரே அறியார்! இவ்வளவு கூர்ந்து பார்க்கும் உயிரிடம் நம் இறுகிய தோளையும் விறைத்த கையையும் எப்படி மறைப்பது? பொறுமையை நடிக்க முடியாது நண்பர்களே.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் பாட்டனார் பள்ளிக்கூடம் பாராதவர்; செஞ்சியில் ஜட்கா வண்டி ஓட்டியவர். கடைவீதி இரைச்சலில் குதிரை மிரண்டு நின்றால் வண்டியை விட்டு இறங்கிவிடுவாராம். அதன் தோள் பக்கமாக வந்து, பேச்சுக் கொடுத்தபடி, பிடரியின் அடியில் சொறிந்து கொடுப்பாராம். "பயம் போனாத்தான்டா நம்ம பேச்சு அதுங் காதுல ஏறும்" என்பார். அவ்விடத்தில் சொறிந்து கொடுத்தால் குதிரையின் இதயத் துடிப்புக் குறைகிறது என்று 1993-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதைப் படித்தபோது, ஏட்டில் இல்லாத அறிவும் அறிவே என்று உணர்ந்தேன்.

முரடு என்று பெயர் விழுந்த குதிரைக்கு என்ன கதி? ஒவ்வொரு கையாக மாறும். கைக்குக் கை அடி கூடும். அடியால் அச்சம் வளரும். அச்சத்தால் முரட்டுத்தனம் வளரும். இந்த வட்டத்தை அறுக்கும் ஆற்றல் குதிரைக்கு இல்லை; மனிதனுக்கே உண்டு.

ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகாலை அடுத்துக் குதிரை லாயங்கள் இன்றும் நிற்கின்றன. நம் கோட்டை 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. பார்க்க வருவோர் பெருகுவர். அவர்களுக்குத் தேசிங்கின் வாளைப் பற்றிச் சொல்வோம். அந்த லாயங்களில் கொள்ளு வைத்து, குளம்பு பார்த்து, மிரண்ட குதிரைகளைப் பழக்கிய பெயர் தெரியாத கைகளைப் பற்றியும் சொல்வோம். வீரன் ஏறுவதற்கு முன்பு பொறுமையுள்ள ஒருவன் அங்கே நின்றிருக்கிறான்.